தண்ணீர் கொடுத்தவள்

போன வாரம் என் பழைய வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். என் கடைசி வருஷங்களில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது அங்கே பேனாவுக்கு வேலை இல்லையாம், எல்லாம் டேப்லெட்டில்தானாம். எடை ஏறாத கைக்குழந்தை வந்து சேர்ந்தால் திரையில் வரிசையாகக் கேள்வி வருகிறது. அதில் ஒன்று, "தாய் ஒத்துழைக்கிறாரா?" ஆம், இல்லை. இரண்டில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"ஒரு பொண்ணு வந்திருக்குக்கா. எம்புட்டுச் சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. இல்லைன்னு அமுக்கிரவா?" என்றாள்.

"அமுக்குறது இருக்கட்டும். அந்தப் பொண்ணு பால் குடுத்து முடிக்கிற வரைக்கும் ஒருவாட்டி பக்கத்துல உக்காந்து பாத்தியா?"

"எங்கக்கா உக்கார? இங்க நிக்கவே நேரமில்ல."

அவள் சொன்னது பொய்யில்லை. ஆளுக்கு மேல் ஆளாகக் குழந்தைகள், இருக்கிற நர்ஸ்களோ விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பெயர் வாங்கிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அப்போது டேப்லெட் கிடையாது, வாயாலேயே சொன்னோம். அவளைப் பற்றி எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் சமயநல்லூர்க்காரி. என் பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, தண்ணியாக ஓடும் ஹாஸ்டல் சாம்பார், தலையணைக்கு ஊசி போட்டுப் பழகியது, முதல் தடவை ஒரு பிணத்தைத் துடைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தது. எல்லா நர்ஸுக்கும் உள்ள கதைதான். வேலை கிடைத்து ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, மதுரைக்குள் ஓர் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு மாற்றலாகி வந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு? அங்கேயே தலை நரைத்து, அங்கேயே மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

அந்த வார்டில் ஒரு மூலை எடை ஏறாத பிள்ளைகளுக்கு. பார்த்தவர்களுக்கு அந்த முகம் மறக்காது. கன்னம் ஒட்டி, நெற்றி சுருங்கி, தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். பெயர் வைக்கும் முன்னரே கிழவனாகிவிட்ட முகம். கழுத்தில் தாயத்து கட்டாயம் இருக்கும். பட்சி தோஷம் என்பார்கள். பறவை நிழல் பட்டுப் பிள்ளை வற்றிப் போச்சு என்று மந்திரித்துவிட்டு, அதிலும் சரியாகாமல் எங்களிடம் வருவார்கள். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு நேராக அம்மாவைப் பிடிப்பார்கள். பால் ஒழுங்காகக் கொடுத்தாயா, பவுடரைத் தண்ணியாகக் கரைத்தாயா, போனை நோண்டிக்கொண்டு பிள்ளையை விட்டுவிட்டாயா. அவர்களுக்குப் பட்சி தோஷம் என்றால் எங்களுக்கு அம்மா தோஷம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தை உடைத்தவர் எங்கள் சீஃப், வார்டின் பெரிய டாக்டர். சௌராஷ்டிரா வீட்டுப் பெண். நெசவாளர் வீட்டு அம்மாக்கள் மிரண்டுபோய் வந்து நின்றால் அவர்கள் வீட்டுச் சௌராஷ்டிரப் பேச்சிலேயே இரண்டு வார்த்தை கேட்பார், அந்தப் பெண்களின் தோள் அப்படியே தளரும். குழந்தையைத் தொடும் முன் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். யாரையும் திட்டமாட்டார். பயிற்சி டாக்டர்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். யாராவது, "அம்மா சரியா ஃபீட் பண்ணலை மேடம்," என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார்.

"நீங்க நெனச்சத அப்புறம் கேக்குறேன். பார்த்தது என்ன?"

பார்த்தது ஒன்றும் இருக்காது. பையன்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏன் பார்த்ததில்லை என்பதற்கு ஒரு சங்கதி உண்டு. ரவுண்ட்ஸ் என்றால் எங்கள் வார்டு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். டாக்டர்கள் வருவதற்கு முன்பே பால் கொடுத்து முடிக்க வேண்டும், விரிப்பை இழுத்துவிட வேண்டும், நனைந்த துணி கண்ணில் படக்கூடாது, ஜன்னல் கம்பியில் ஒரு துணி தொங்கக்கூடாது. அம்மாக்களும் சளைத்தவர்கள் இல்லை. பிள்ளைக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துத் தூங்கவைத்துவிடுவார்கள். டாக்டர்கள் பார்ப்பதெல்லாம் பவுடர் பூசித் தூங்கும் பிள்ளைகளைத்தான்.

ஒரு நாள் சீஃபுக்கு இருந்த ஏதோ மீட்டிங் நடக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் சீக்கிரமே வார்டுக்குள் வந்துவிட்டார். நாங்கள் பதறிப்போய் விரிப்புகளை இழுக்க ஓடினோம். அவர் எங்களைக் கவனிக்கவே இல்லை. பல வாரமாக எடை ஏறாமல் கிடந்த ஒரு பெண் குழந்தையின் கட்டிலருகே நின்றுவிட்டார். குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நான்கு மடக்கு குடிக்கும், விட்டுவிடும், இரைக்கும். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. அம்மா முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பவும் பால் குடிக்கும்போது இப்படி வேர்க்குமாம்மா?"

"ஆமா டாக்டரம்மா. நீங்க வர்றதுக்குள்ள தொடச்சுப் பவுடர் போட்டுருவேன்," என்றாள் அவள் பெருமையாக.

அந்தக் குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு. வாய்க்கு வந்த பால் உடம்பில் ஒட்டவில்லை, குடிக்கிற வேலையிலேயே அதன் சக்தி முழுக்கத் தீர்ந்துபோனது. மறுநாளிலிருந்து எங்கள் ரவுண்ட்ஸ் பால் கொடுக்கும் நேரத்துக்கு மாறியது. பவுடர் டப்பாவுக்கு வார்டில் வேலை போனது. கலைந்த கட்டிலும் அழுகிற பிள்ளையுமாகப் பெரிய டாக்டரை வரவேற்பதில் எங்களுக்கு ஏகக் கடுப்பு. முணுமுணுத்தோம். ஆனால் அதற்குப் பிறகு பிடிபட்ட நோய்களைப் பார்த்து முணுமுணுப்பு தானாக நின்றது. எடை ஏறாத பிள்ளைக்கு வெறும் பசி மட்டும் காரணமாக இருக்கும் வீடுகளும் உண்டு, நிறைய உண்டு. வெளியே தெரியாமல் கிடந்த மூத்திரத் தொற்றோ காசநோயோ உள்ளிருந்து அரித்த பிள்ளைகளும் உண்டு. உள்ளே போய்ப் பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி.

பெயர் கார்த்திகா. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வேலை பார்க்கும் குடும்பம். புருஷன் செந்தில் கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். பிள்ளை நாலு மாத ஆண் குழந்தை, பிறந்த எடையிலிருந்து கொஞ்சமே கூடியிருந்தான். மலச்சிக்கல், அடிக்கடி வாந்தி, விட்டுவிட்டுக் காய்ச்சல். துணைக்கு வந்திருந்தவள் செந்திலின் அக்கா, பாண்டியம்மாள். பேச்சு முழுக்க அவளுடையதுதான். கார்த்திகாவிடம் எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்வாள்.

பால் கொடுக்கும் முறை, உட்காரும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். வந்த நாளிலேயே எல்லா அம்மாக்களுக்கும் சொல்வதுபோல, ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்றும் சொன்னோம். அந்த விதியில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. தாய்ப்பாலில் தேவையான தண்ணீர் இருக்கிறது. அழுக்குப் பாட்டிலும் குழாய்த் தண்ணீருமாகச் சேர்ந்து வயிற்றுப்போக்கில் கொண்டுபோய்விட்ட பிள்ளைகளை நான் என் கையாலேயே துணி சுற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம், நான் டியூட்டி முடிந்து போன பிறகு, பாண்டியம்மாள் கட்டிலை உதறியிருக்கிறாள். தலையணைக்கு அடியில் சேலைக்குள் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பாட்டில், பாதி தண்ணீர். கூடவே பிள்ளைக்கு ஊட்டுகிற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், பாலாடை. அவ்வளவுதான், வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறாள். "பாலுக்குப் பதிலா பச்சத் தண்ணிய ஊத்தி என் தம்பி பிள்ளைய வத்தவச்சிருக்காளே!" பயிற்சி டாக்டர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார். கார்த்திகா வாயைத் திறக்கவில்லையாம். தாய் ஒத்துழைக்கவில்லை என்று எல்லோருமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் உள்ளே நுழையும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. உதடு வெடித்து, உச்சிக்குழி பள்ளமாகி, கண்ணீர் வராமல் அழுதுகொண்டிருந்தான். அழுக்குத் தண்ணீரால் வந்த கிருமி என்று பேசிக்கொண்டார்கள். செந்தில் வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

"நாங்க கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போறோம் சிஸ்டர்."

"எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

"வீட்டுக்குத்தான். அக்கா பாத்துக்கிரும். அவள அவங்க அம்மா வீட்ல விட்டுருவோம்."

பிள்ளையையும் தாயையும் பிரித்து ஆளுக்கொரு திசையில் அனுப்பப் போகிறார்கள். அந்த நிலையில் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தால் திரும்பி வராது. நான் சொன்னேன், கெஞ்சினேன், அதட்டினேன். பாண்டியம்மாள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"மூத்தவன இதே மாதிரி காய்ச்சலோட தூக்கிட்டு ரோட்ல ஓடுனவ நான். என் தோள்லயே போயிட்டான். இன்னொண்ணையும் இவ கையில குடுத்துட்டுப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது சிஸ்டர்."

அப்போதுதான் மூத்த பிள்ளை ஒன்று இருந்ததே எனக்குத் தெரியும். வந்தபோது கேட்டதற்கு இதுதான் முதல் பிள்ளை என்று சொல்லியிருந்தார்கள். செத்த பிள்ளையைப் பற்றிப் பேசினால் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பயம், எங்கள் பக்கத்தில் அது சகஜம். பாண்டியம்மாள் கெட்டவள் இல்லை, பயந்துபோனவள். ஆனால் பயந்தவர்கள்தான் யார் சொல்வதையும் கேட்கமாட்டார்கள்.

சீஃப் வர இன்னும் நேரமிருந்தது. இவர்களைப் பிடித்துவைக்க எனக்குச் சட்டம் எதுவும் கிடையாது. அப்போது ஒரு உபாயம் தோன்றியது.

"போங்க, தாராளமாப் போங்க," என்றேன். "ஆனா எடை பார்க்காம எங்க வார்டுல பிள்ளைய வெளிய விடமாட்டோம். அது ரூல்."

அப்படி ஒரு ரூல் கிடையாது. ஆனால் எடை பார்ப்பதை நான் நினைத்தால் ஒரு பூஜை மாதிரி நீட்டமுடியும். தராசை ஜன்னல் காற்று படாத மூலைக்குத் தள்ளினேன். தட்டைத் துடைத்தேன். தட்டில் துணி விரித்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். சரியாக நிற்கவில்லை என்று மறுபடி திருகினேன். தாயத்து, அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னேன். பாண்டியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். ஊசி குத்திய கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரிக்கும் எடை உண்டு என்று சொல்லிப் பார்த்தேன், செந்திலே என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிள்ளையின் இடுப்புத் துணியை அவிழ்த்துத் தனியாக நிறுத்துவோம் என்று தட்டில் போட்டேன். நேரம் போக்கத்தான் போட்டேன். முள் நன்றாகவே ஏறியது.

துணியைத் தூக்கிப் பார்த்தேன். சொதசொதவென்று நனைந்திருந்தது. அதில் வாடையே இல்லை, நிறமும் இல்லை. குளத்தில் முக்கி எடுத்த துணி மாதிரி இருந்தது.

பிள்ளையைத் தட்டில் படுக்கவைத்தேன். படுத்ததும் என் உடுப்பு நனையும்படி பீய்ச்சி அடித்தான். துடைத்துவிட்டு, தட்டைக் காயவைத்து, மறுபடி முள்ளைச் சரிசெய்து படுக்கவைத்தால் மறுபடியும் அடித்தான். உதடு காய்ந்து வெடித்திருக்கிற பிள்ளை. உடம்பில் தண்ணீர் வற்றிய குழந்தை ஒரு சொட்டு மூத்திரம் போகாதா என்று நாங்கள் பகல் முழுக்கக் காத்துக்கிடப்போம். இவனோ இப்படிப் போகிறான்.

"கார்த்திகா, ஒரு நாளைக்கு எத்தனை துணிம்மா மாத்துற?"

அவள் புருஷனைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கட்டைப் பையை இழுத்தாள். பை நிறைய நனைந்த துணி. பழைய சேலை, லுங்கி, துண்டு எல்லாவற்றையும் கிழித்து அடுக்கியிருந்தாள்.

"கம்பியில காயப்போட்டாத் திட்டுவீங்கன்னு சாயங்காலம் கீழ கொண்டுபோய் அலசிட்டு வருவேன் சிஸ்டர்," என்றாள். எங்கள் வார்டில் நான் கேட்ட அவளுடைய முதல் முழு வாக்கியம் அது.

சீஃப் வந்தார். வழக்கம்போல வாட்சைக் கழற்றினார். பயிற்சி டாக்டர் பாட்டில் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். சீஃப் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பார்த்தது என்ன சிஸ்டர்?"

"வாய் காஞ்சிருக்கு மேடம். துணி நனைஞ்சிருக்கு."

துணியைக் கையில் வாங்கிப் பிழிந்து பார்த்தார். பிறகு காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் பாலாடையும் கொண்டுவரச் சொன்னார். எல்லோருக்கும் முன்னால் அதைக் கார்த்திகாவின் கையில் கொடுத்தார்.

"முதல்ல பால் குடுங்கம்மா. அப்புறம் இதைக் குடுங்க."

பிள்ளை பாலைத் தள்ளினான், முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டான். பாலாடை உதட்டில் பட்டதும் அழுகை பட்டென்று நின்றது. கண்ணை அகலத் திறந்துகொண்டு குடித்தான். பாலாடை காலியானதும் அவள் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். இன்னொன்று குடித்தான். நாலு மாதப் பிள்ளை அப்படித் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை.

மூத்த பிள்ளை போன சங்கதியைச் சீஃபிடம் சொன்னேன். "மூத்தது பையனா?" என்று கார்த்திகாவிடம் கேட்டார்.

"ஆமா."

"உங்ககூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி. கைப்பிள்ளையிலேயே போயிட்டான்னு எங்கம்மா சொல்லும்."

சீஃப் செந்திலைத் தனியாக அழைத்துப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவன் போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தான்.

ரத்தப் பரிசோதனை வந்தது. ரத்தத்தில் உப்பு எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. அதை அவசரப்பட்டு இறக்கினால் மூளை வீங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். டிரிப்ஸ் இறங்குவதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். அந்தப் பிள்ளையை விடுவதில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். என் டியூட்டி முடிந்தாலும் அடுத்து வருகிறவளிடம் துணி எடை, குடித்த தண்ணீர் எல்லாம் நேருக்கு நேர் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். காய்ந்த துணியின் எடையைக் கழித்துவிட்டால் எவ்வளவு போகிறான் என்று தெரியும். பயிற்சி டாக்டரும் கூச்சப்படாமல் துணியைத் தூக்கிக்கொண்டு தராசுக்கு நடந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

நோய் என்னவென்று சீஃப் அந்தக் குடும்பத்துக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். உடம்பில் தண்ணீரைப் பிடித்துவை என்று மூளையிலிருந்து ஒரு தகவல் வரும், சிறுநீரகம் அதைக் கேட்டு நடக்கும். இவனுடைய சிறுநீரகத்துக்கு அந்தத் தகவல் எட்டவே இல்லை. குடிப்பதெல்லாம் அப்படியே வெளியே போய்விடுகிறது. தாகத்தில் பால் இறங்காது, இறங்கினாலும் வாந்தி, அதனால்தான் எடை ஏறவில்லை. தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டதும் உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரும் இல்லையென்றால் பிள்ளையே இல்லை. மற்ற பிள்ளைகளுக்கு ஆகாதது இவனுக்கு மருந்து.

பாண்டியம்மாள் கெட்டிக்காரி. முழுசும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டாள்.

"அவ தம்பி போனான், மூத்தவன் போனான். அப்ப இது அவ வழியாத்தான் வந்திருக்கு?"

அது உண்மை. அந்த நோய் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. இந்த ஒரு வார்த்தையில் கார்த்திகா மறுபடியும் குற்றவாளியாகிவிடுவாள் என்று பயந்தேன். சீஃப் மழுப்பவில்லை.

"ஆமாம்மா. அவங்களுக்கே தெரியாம அவங்க வழியா வந்திருக்கு. நம்ம கண்ணு, மூக்கு எல்லாம் நாமளா கேட்டு வாங்கினோம்? ஆனா இத்தனை நாள் இவன் உசுரோட இருக்கானே, அது யாரால? இந்த வார்டுல நாங்க எல்லாரும் சேர்ந்து பிடுங்கினோம். அவங்க ஒருத்தர்தான் தண்ணி குடுத்தாங்க."

பாண்டியம்மாள் எழுந்தாள். கழற்றி வைத்திருந்த தாயத்தைக் கையில் உருட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் நான் பார்க்கும்போது கீழே குழாயடியில் அந்தக் கட்டைப் பைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்குக் கொஞ்ச நாள் மூக்கு வழியாகக் குழாய் போட்டுப் பால் கொடுத்தோம். பால் ஒரு நேரம், தண்ணீர் ஒரு நேரம். ஒரு மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுத்தோம். மற்றவர்களுக்குச் சிறுநீர் கூடுதலாகப் போகவைக்கிற மாத்திரைதான், இந்த நோயில் மட்டும் அது குறைக்கும் என்று சீஃப் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதலில் காய்ச்சல் நின்றது, அப்புறம் வாந்தி நின்றது. ஒரு நாள் காலையில் தராசு முள் நேற்றைய இடத்தைத் தாண்டி நின்றது. நான் நம்பாமல் பூஜ்யத்தைச் சரிபார்த்துத் திரும்பவும் வைத்தேன். இந்தத் தடவை நேரத்தை இழுக்க இல்லை.

அதன் பிறகு என் வார்டில் நான் ஒரு பிடிவாதக்காரி என்று பெயர் எடுத்தேன். எடை ஏறாத பிள்ளை எது வந்தாலும் பால் கொடுத்து முடிக்கும் வரை உட்காருவேன். வேர்க்கிறதா, இரைக்கிறதா, கழிக்கிற துணி எப்படி இருக்கிறது, அழுகை எதற்கு அடங்குகிறது, வீட்டில் இதற்கு முன்னால் போன பிள்ளை உண்டா. இதையெல்லாம் பார்க்காமல் எவளாவது அம்மாவைக் குறை சொன்னால் அவளிடம் சண்டைக்குப் போவேன். ஜன்னல் கம்பியில் துணி காயப்போடக்கூடாது என்ற ரூலை நானே எடுத்துவிட்டேன். பார்வைக்கு வார்டு வண்ணான் துறையாகிவிட்டது என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். ஆகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் வீட்டுக்குப் போவதற்கு முந்தின நாள் பகலில் கார்த்திகா பிள்ளையை மடியில் வைத்துத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். இப்போது எல்லோர் கண்முன்னாலும், எங்கள் வார்டு டம்ளரிலிருந்து பாலாடையில் ஊற்றி. பக்கத்தில் செந்தில் துணிமணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். நான் மாத்திரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"அப்ப என் மூத்தவன் அழுதது தண்ணிக்குத்தானா சிஸ்டர்?"

இத்தனை வருஷ சர்வீஸில் அம்மாக்களுக்குச் சொல்ல ஆயிரம் ஆறுதல் வைத்திருந்தேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசில்லை.

"நான் அவனப் பாக்கலம்மா. ஆனா அப்படித்தான் இருக்கும்."

அவள் அழவில்லை. பாலாடையைப் பிள்ளையின் உதட்டில் வைத்தபடியே இருந்தாள்.

"நம்மூரு ஆஸ்பத்திரியில தண்ணி குடுக்கக் கூடாதுன்னாங்க, வீட்லயும் கூடாதுன்னாங்க. எல்லாரும் சொன்னதக் கேட்டு அவனுக்கு நான் ஒரு சொட்டுக் குடுக்கல. என் கையில நனைஞ்ச துணிய வாயில வச்சுச் சப்புவான் சிஸ்டர், அதையும் பிடுங்கிருவேன். இவனும் அதே மாதிரி சப்புனப்பத்தான், யார் என்ன சொன்னாலும் சரின்னு குடுத்தேன்."

செந்தில் அடுக்குவதை நிறுத்திவிட்டான். கையில் பிள்ளையின் சட்டையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இந்தப் பெண்ணை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வரக் கிளம்பியவன். பிறகு வந்து அவள் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான்.

"குடு, நான் ஊத்துறேன். நீ போய்ச் சாப்புட்டு வா."

அவள் பிள்ளையையும் பாலாடையையும் அவனிடம் கொடுத்தாள். சாப்பிடப் போகவில்லை, எழுந்து நின்று பார்த்தாள். மெஷின் ஓட்டிப் பழகிய கை. அவசரத்தில் ஒரேயடியாகச் சாய்த்துவிட்டான்.

"இம்புட்டு வேகமா ஊத்தாத, புரையேறிரும்! தலையத் தூக்கிப் பிடி, அவன் முழுங்குனப்புறம் ஊத்து," என்றாள் கார்த்திகா.

அந்தக் கடைசிக் கட்டில்வரைக்கும் கேட்டது அவள் சத்தம். செந்தில் மறுபேச்சுப் பேசாமல் தலையைத் தூக்கிப் பிடித்து, அவள் சொன்னபடி ஊற்றினான்.